இணைப்பின் வரலாறு: இணைப்பிக் கொடிகளும் ஷெல் ஆணைக்கோவைகளும் - ஒரு நோக்கு

1. முகவுரை

கணனியின் வரலாறு இதுவரை பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவும், அப்பொறிகளை ஆக்கிய பேரறிஞர்தம் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அதற்கடுத்த நிலையில் கணனி மொழிகளின் வரலாறு ஓரளவு ஆராயப்பட்டுள்ளது. ஆயின், தனித்தனியே எழுதப்பட்ட செய்நிரற் கூறுகளை ஒன்றோடொன்று பொருத்தி இயங்கத்தக்க முழுமையாக்கும் வேலையை வரலாற்றாசிரியர் அதிகம் கண்டுகொண்டதில்லை. வீடு கட்டியவனைப் பற்றிப் பேசுவோர் சாந்து குழைத்தவனைப் பற்றிப் பேசாமை போன்றதே இதுவும். இணைக்கும் வேலை தாழ்ந்த வேலையாகவும், சிந்தனைக்கு இடமற்ற எடுபிடி வேலையாகவும் கருதப்பட்டமையே இதற்குக் காரணமெனலாம்.

அவ்வேலையின் ஒரு சிறு பகுதியான இணைப்பிக் கொடிகளின் வரலாற்றையும், அவற்றைக் கையாளுதற்கு ஷெல் ஆணைக்கோவைகள் பயன்பட்டவாற்றையும் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருள் சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று. 2024 ஆம் ஆண்டில் உலகின் எண்ணற்ற கணனிகளின் பாதுகாப்பு ஆணைக்கோவை ஒன்றில் மறைந்திருந்த சில வரிகளிலே தங்கியிருந்தமையைப் பின்னர்க் காண்போம்.

முதலிற் சில சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். மனிதர் எழுதும் மூலநிரலைப் பொறிமொழிக்கு மாற்றுவது தொகுப்பி. அதன் பயனாகக் கிடைப்பது பொருட்கோவை. ஒரு பொருட்கோவை பிறிதொன்றிலுள்ள பெயர்களை நாடி நிற்கும். அவை எங்குள்ளன என்பதை அது அறியாது. பல பொருட்கோவைகளையும் நூலகங்களையும் ஒன்றுசேர்த்து, நாடிய பெயர்களுக்கு உரிய முகவரிகளை இட்டு நிரப்புவது இணைப்பி. எந்நூலகத்தைச் சேர்ப்பது, அதனை எங்குத் தேடுவது, எவ்வாறு பொருத்துவது என இணைப்பிக்கு இடப்படும் சுருக்கமான ஏவல்களே கொடிகள் எனப்படும். ஷெல் என்பது பயனர் இடும் ஆணைகளைப் படித்து நிறைவேற்றும் இடைநிலை நிரலாகும்.

தமிழிலக்கணம் கற்றோர்க்கு இதனை விளக்குதல் எளிது. நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்து எது முன் நிற்பது, எது பின் வருவது என்பதைப் பொறுத்தே விகாரம் நிகழும். செய்நிரற் கூறுகளின் புணர்ச்சிக்கும் முன்பின் முறைமை உண்டு. இணைப்பி அப்புணர்ச்சியை நடத்துகின்றது. கொடிகள் அதன் விதிகளாகின்றன.

2. கையால் இணைத்த காலம்

இணைத்தற் சிக்கல் கணனியோடு உடன்பிறந்ததாகும். துணைநிரல்களை நாடாக்களிற் சேமித்து வைத்து, வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்துப் பிரதான நிரலோடு ஏற்ற வேண்டுமென்றும், அவை நினைவகத்தில் எவ்விடத்து அமையினும் இயங்குமாறு முகவரிகளை மாற்றியமைக்க வேண்டுமென்றும் ஜோன் மொக்லி 1947 இலேயே எழுதியிருந்தார். அக்காலத்தில் அவர் கூறிய வகையான பொறி முழுமையாக்கப்பட்டிருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இக்கருத்து நடைமுறைக்கு வந்தது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வுகூடத்திலாகும். அங்கு மொறிஸ் வில்க்ஸ் தலைமையில் ஆக்கப்பெற்ற எட்சாக் கணனி 1949 மே 6 ஆம் திகதி தன் முதல் நிரலை இயக்கியது. ஆராய்ச்சி மாணவராயிருந்த டேவிட் வீலர் அதற்கென ‘தொடக்க ஆணைகள்’ என்னும் சிறு நிரலை அமைத்தார். முதலாவது வடிவம் 31 ஆணைகளையே கொண்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அவர் அமைத்த இரண்டாவது வடிவமே நமது ஆய்வுக்கு முதன்மையானது. துணைநிரலின் ஆணையொன்றின் இறுதியில் ஒரு குறியெழுத்தை இட்டால், அத்துணைநிரல் தொடங்கும் இடத்தின் முகவரியைப் பொறி தானே கூட்டிக்கொள்ளும். இன்றைய இணைப்பி செய்யும் இடமாற்றத் திருத்தம் யாவற்றுக்கும் இது முன்னோடியாகும்.

1951 அளவில் எட்சாக்கின் நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. ‘நூலகம்’ என்பது இங்கு உருவகமன்று. துணைநிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களாகப் பேணப்பட்டன. பயன்படுத்துவோர் வேண்டிய நாடாவை எடுத்து, அதன் துளைகளைத் தமது நாடாவிற் படியெடுத்துப் பின்னர் மீள வைத்தனர். இணைப்பு என்பது கையும் கண்ணும் செய்த உழைப்பாயிருந்தது. என்ன சேர்ந்தது, எந்த ஒழுங்கிற் சேர்ந்தது என்பதைச் சேர்த்தவர் அறிந்திருந்தார். இதனைப் பின்னர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அமெரிக்காவில் கிரேஸ் ஹொப்பர் யூனிவாக் கணனிக்கென 1951-52 காலப்பகுதியில் அமைத்த ஏ-0 என்பதும் இவ்வரலாற்றில் இடம்பெறத் தக்கது. அதனை அவர் தொகுப்பி என்று பெயரிட்டார். ஆயின் அது செய்த வேலை மொழிபெயர்ப்பன்று. எண்ணிட்டு அழைக்கப்பட்ட துணைநிரல்களை நாடா நூலகத்திலிருந்து பொறுக்கி ஒன்றாகச் சேர்த்தலே அதன் தொழில். பாடல்களைத் திரட்டித் தொகை நூலாக்குவோரைத் தொகுத்தார் என நாம் கூறும் பொருளிலேயே அச்சொல் முதலில் வழங்கிற்று. பிற்காலத்தில் மொழிபெயர்க்கும் நிரல் அப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது. உண்மையிற் தொகுத்த இணைப்பியோ வேறு பெயர் பூண்டு பின்தள்ளப்பட்டது. இணைப்புழைப்பின் மதிப்பு தாழ்ந்தமைக்கு இப்பெயர் மாற்றமே ஒரு சான்றாகக் கொள்ளத்தக்கது.

3. ஆணைவரியின் தோற்றம்

1964 இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 360 வரிசைக் கணனிகளின் இயக்க முறைமையில் இணைப்பி தனியொரு நிரலாக நிலைபெற்றது. அதற்குரிய ஏவல்கள் துளையட்டைகளில், வேலைக் கட்டுப்பாட்டு மொழி எனப்பட்ட ஒரு மொழியில், காற்புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட சொற்களாக எழுதப்பட்டன. அம்முறைமையின் ஆக்கத்துக்குப் பொறுப்பாயிருந்த பிரெட் புறூக்ஸ் தாமே பிற்காலத்தில் அம்மொழியைக் கடுமையாகக் குறைகூறினார். அதனை ஒரு மொழியாகவே அதன் ஆக்குநர் கருதவில்லை என்பதே குறைபாட்டின் வேர். சில அட்டைகள் போதுமென எண்ணித் தொடங்கிய ஒன்று, படிப்படியாக ஒழுங்கற்ற மொழியாக வளர்ந்தது. இதே வரலாறு பின்னரும் மீண்டும் நிகழ்வதைக் காணலாம்.

பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1969 இல் தொடங்கிய யூனிக்ஸ் முறைமை வேறொரு பாதையை வகுத்தது. 1971 நவம்பரில் வெளிவந்த அதன் முதற் கையேட்டிலேயே ‘எல்டி’ என்னும் இணைப்பி இடம்பெற்றது. அதற்குரிய கொடிகள் ஒரு சிறுகோடும் ஓரெழுத்தும் கொண்டவை. ‘-எல்’ என்பதன் பின் ஒரு பெயரைச் சேர்த்தால் அப்பெயருடைய நூலகம் இணைக்கப்படும். ‘-எல்எம்’ என்றால் கணித நூலகம். அக்காலத்துத் தொலைத்தட்டச்சுப் பொறிகள் மெதுவானவை. ஓரெழுத்து மிச்சமாவதும் ஆதாயமாயிருந்தது. அச்சிக்கனம் மறைந்து ஐம்பதாண்டுகளாகியும் அவ்வெழுத்துக்கள் மறையவில்லை.

அவ்விணைப்பியின் இயல்பொன்றை இங்கு விரித்துரைத்தல் இன்றியமையாதது. அது ஆணைவரியிலுள்ள கோவைகளை இடமிருந்து வலமாக ஒருமுறையே படிக்கும். நூலகமொன்றை எதிர்கொள்ளும்போது, அதுவரை நாடப்பட்டு இன்னும் கிட்டாத பெயர்களைத் தரும் உறுப்புக்களை மட்டுமே அதிலிருந்து எடுக்கும். ஏனையவற்றை விட்டு நகரும். ஆகவே ஒரு நூலகத்தை நாடும் பொருட்கோவை அந்நூலகத்துக்கு முன்னே நிற்றல் வேண்டும். இடம் மாறின், நூலகம் கண்ணெதிரே இருந்தும் பெயர் காணப்படவில்லை என இணைப்பி முறையிடும். இரு நூலகங்கள் ஒன்றையொன்று நாடின் ஒன்றை இருமுறை எழுத நேரும்.

நூலகத்தின் உள்ளேயும் உறுப்புக்களின் ஒழுங்கு முதன்மை பெற்றிருந்தது. அவ்வொழுங்கைக் கண்டறிய ‘லோடர்’, ‘டிசோட்’ என்னும் இரு கருவிகள் எழுந்தன. முன்னது எது எதனை நாடுகின்றதெனச் சோடி சோடியாகப் பட்டியலிடும். பின்னது அப்பட்டியலை முறைப்படி வரிசைப்படுத்தும். 1979 இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் லோடர் ஒரு ஷெல் ஆணைக்கோவையாகவே எழுதப்பட்டிருந்தது. இணைப்பின் ஒழுங்கை மனிதர் கையிலிருந்து ஷெல் தன் கைக்கு எடுத்துக்கொண்டமைக்கு இது ஆரம்பகால எடுத்துக்காட்டாகும். அதே பதிப்பிலேயே ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லும் வெளிவந்தது. மாறிகள், நிபந்தனைகள், சுழற்சிகள் என்பவற்றைக் கொண்ட அது வெறும் ஆணைவாசிப்பானாக அன்றி, நிரலெழுதத்தக்க மொழியாகவும் அமைந்தது.

4. மாறிகளும் மேற்கோட்குறிகளும்

1976 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்டுவட் பெல்ட்மன் ‘மேக்’ என்னும் கருவியை ஆக்கினார். மாற்றமடைந்த கோவைகளை மட்டும் மீளத் தொகுத்துப் பின் அனைத்தையும் இணைப்பது அதன் பணி. இக்கருவியின் வழியே கொடிகள் பெயரிட்ட மாறிகளிற் குடிபுகுந்தன. ‘எல்டிபிளாக்ஸ்’ என்னும் மாறி இணைப்பிக்குரிய பொதுக்கொடிகளையும், ‘எல்டிலிப்ஸ்’ என்பது நூலகங்களின் பெயர்களையும் தாங்கும் என்பது வழக்காயிற்று. குனூ மேக் கருவியின் உள்ளமைந்த விதியின்படி முன்னது பொருட்கோவைகளுக்கு முன்னும், பின்னது அவற்றுக்குப் பின்னும் இடம்பெறும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தாமையால் நேர்ந்த தொல்லைகள் அளவற்றவை. நூலகத்தின் பெயரை எல்டிபிளாக்ஸ் மாறியில் இடுவோர் அதனை நாடும் கோவைக்கு முன்னே நிறுத்திவிடுகின்றனர். பகிர்வு நூலகங்கள் பரவியபின் இத்தவறு பல முறைமைகளில் தண்டனையின்றித் தப்பியது. ஏனெனில் பகிர்வு நூலகம் முன்னே நிற்பினும் இணைப்பி அதனை ஏற்றுக்கொண்டது. 2011 இல் உபுண்டு வெளியீடு தேவையான நூலகங்களை மட்டும் பதியுமாறு இணைப்பியின் இயல்பை மாற்றியபோது, அதுவரை மறைந்திருந்த ஒழுங்குப் பிழைகள் ஒருங்கே வெளிப்பட்டன. பிழை புதிதன்று, அதனை மறைத்திருந்த திரையே நீங்கிற்று.

போர்ன் ஷெல்லின் இயல்பும் இங்கு ஆராயத்தக்கது. அதில் பட்டியல் என்ற தனிவகை இல்லை. யாவும் எழுத்துச் சரங்களே. பத்துக் கொடிகளைத் தாங்கும் மாறி, உண்மையில் இடைவெளிகளைக் கொண்ட ஒரே சரமாகும். அதனை மேற்கோட்குறியின்றி எடுத்தாண்டால் ஷெல் இடைவெளிதோறும் வெட்டிப் பத்துச் சொற்களாக இணைப்பியிடம் கொடுக்கும். மேற்கோட்குறிக்குள் இட்டாலோ பத்தும் ஒரே சொல்லாகி, அவ்வாறான கொடி இல்லையென இணைப்பி மறுக்கும். எனவே கொடிமாறிகளை மேற்கோளின்றியே எழுத வேண்டியதாயிற்று. அவ்வாறெழுதின், கோப்பகமொன்றின் பெயரில் இடைவெளி இருப்பின் அப்பெயர் இரண்டாகப் பிளவுபடும். இவ்விரு தீமைகளுக்கு இடையே நின்றே மூன்று தலைமுறை நிரலாளர் ஆணைக்கோவைகளை எழுதினர். பிற்கால ஷெல்கள் அணிவகை மாறிகளைத் தந்தபோதும், எங்கும் இயங்கவேண்டிய ஆணைக்கோவைகள் அவற்றைப் பயன்படுத்தத் துணியவில்லை.

இதனினும் நுண்ணியதோர் எடுத்துக்காட்டைக் கூறலாம். ஒரு நிரல் தன் பகிர்வு நூலகங்களைத் தான் வைக்கப்பட்டுள்ள கோப்பகத்துக்கு அணித்தாகவே தேட வேண்டுமெனின், டொலர்க் குறியோடு கூடிய ‘ஒரிஜின்’ என்னும் சொல்லைத் தேடல்வழிக் கொடியிற் பொதிதல் வேண்டும். அச்சொல் நிரல் இயங்கும்போது இயங்குநிலை இணைப்பியாற் படிக்கப்படற்குரியது. ஆனால் டொலர்க் குறியை முதலில் மேக் கருவி தன் மாறியெனக் கொள்ளும். அதற்குத் தப்பின் ஷெல் தன் மாறியெனக் கொள்ளும். ஆகவே மேக்கிடமிருந்து காக்க டொலரை இரட்டித்தும், ஷெல்லிடமிருந்து காக்க ஒற்றை மேற்கோளிட்டும், தொகுப்பி தனதென எண்ணாது இணைப்பியிடம் சேர்ப்பிக்கக் காற்புள்ளிகளாற் கோத்தும் எழுத வேண்டும். ஒரு மடலைப் பல உறைகளில் இட்டு, உறைதோறும் வேறு முகவரி எழுதி அனுப்புதல் போன்றது இது. ஓர் உறை தவறினும் வழியிலுள்ள ஒருவர் மடலைப் பிரித்துவிடுவர். பெரும்பாலும் அவர் பிழையென எதனையும் அறிவிப்பதுமில்லை. சொல் வெறுமையாகி மறைந்துபோகும்.

5. சந்தைப் போட்டியும் கொடிகளின் பிளவும்

1984 இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அன்ட் டி. பிரிக்கப்பட்டது. கணனி வாணிபத்தில் ஈடுபட அதற்கிருந்த தடை நீங்கியதும் யூனிக்ஸ் சந்தைப் பண்டமாயிற்று. சன், எச்.பி., ஐ.பி.எம். முதலிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் யூனிக்ஸை விற்றன. பண்டம் விலைபோதற்கு வேறுபாடு வேண்டும். அவ்வேறுபாடு பயனரை ஒரு நிறுவனத்தோடு பிணிக்கும் தளையாகவும் பயன்பட்டது. 1988 இல் இரு எதிரெதிர் அணிகள் உருவாகி ‘யூனிக்ஸ் போர்’ எனக் கூறுமளவுக்குப் பகைமை முற்றியது.

இப்போட்டியின் தழும்புகள் கொடிகளிற் பதிந்துள்ளன. பகிர்வு நூலகத்தைத் தேடும் வழியை நிரலிற் பதிப்பதற்குச் சன் நிறுவனத்தின் சொலாரிஸில் ஒரு கொடி, குனூ இணைப்பியில் வேறொன்று, எச்.பி. யூனிக்ஸில் கூட்டற்குறியோடு தொடங்கும் பிறிதொன்று, ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸ். முறைமையில் இன்னொன்று. கோவையின் பெயரீறும் வேறுபட்டது. வலையமைப்பு வசதிகள் பெர்க்லி வழிவந்த முறைமைகளில் அடிப்படை நூலகத்திலேயே அடங்கியிருந்தன. சொலாரிஸிலோ ‘சொக்கெட்’, ‘என்எஸ்எல்’ என்னும் இரு நூலகங்களைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. ஒரே மூலநிரல், ஒரே தருக்கம். ஆயின் இணைப்பு வரி முறைமைதோறும் வேறு. நிறுவனங்களின் ஆதாயப் போட்டி தோற்றுவித்த இவ்வேறுபாடுகளைச் சுமந்தோர் அந்நிறுவனங்களல்லர். மென்பொருளைப் பல முறைமைகளுக்கும் பொதுவாக்க முயன்ற நிரலாளரும் பயனருமே சுமந்தனர்.

6. வினாவும் விடையும்: ‘கன்பிகர்’ ஆணைக்கோவை

இச்சுமையைத் தாங்க எழுந்ததே ‘கன்பிகர்’ எனப்படும் ஷெல் ஆணைக்கோவை மரபு. 1984 இல் லரி வோல் தமது செய்தி வாசிப்பு நிரலோடு அத்தகையதொன்றை வெளியிட்டார். அது பயனரை வினவியும் முறைமையைச் சோதித்தும் அமைப்பை முடிவு செய்தது. 1991 இல் டேவிட் மக்கென்சி குனூ திட்டத்தின் பல கருவிகளைப் பராமரித்து வந்தார். புதிய முறைமைகள் பெருகப் பெருக, பயனர் தாமே தெரிந்து இடவேண்டிய தொகுப்புத் தெரிவுகள் ஏறக்குறைய இருபதாகி விட்டன. இதனைத் தாங்கவியலாத நிலையிலே, முறைமையைத் தானே ஆராயும் ஷெல் ஆணைக்கோவைகளைப் பிறப்பிக்கும் ‘ஓட்டோகொன்ப்’ கருவியை அவர் ஆக்கத் தொடங்கினார். பகிர்வு நூலகக் கொடிகளின் வேறுபாடுகளைத் தன்னுள் மறைக்கும் ‘லிப்டூல்’ என்னும் ஷெல் நிரல் 1996 இல் கோர்டன் மட்சிக்கைட்டினால் தொடங்கப்பட்டது.

ஓட்டோகொன்பின் அறிவுமுறை சிந்தித்தற்குரியது. முறைமையின் பெயரைக் கேட்டு, அப்பெயருக்குரிய பட்டியலைப் பார்த்து முடிவெடுத்தல் அதன் வழியன்று. பெயர் பொய்க்கலாம், பதிப்பு மாறலாம். எனவே அது செய்துபார்த்தே அறிகின்றது. நூலகமொன்று உண்டோ என அறிய, அந்நூலகத்திலுள்ள ஒரு செயற்பாட்டை அழைக்கும் சில வரிகளே கொண்ட நிரலொன்றை எழுதும். ‘லிப்ஸ்’ மாறியின் பழைய மதிப்பை வேறொரு மாறியிற் காத்து வைக்கும். சோதிக்கப்படும் நூலகத்தின் கொடியை அதன் தொடக்கத்திற் சேர்க்கும். நூலக ஒழுங்கு பற்றிய முன்னைய விதியை இங்கும் காண்க. பின்னர் தொகுத்து இணைத்துப் பார்க்கும். இணைப்பு வெற்றியாயின் நூலகம் உண்டு, தோல்வியாயின் இல்லை. ஈற்றில் மாறியைப் பழைய நிலைக்கு மீட்கும். அனுபவத்தாற் பெறும் அறிவே சான்று என்னும் கொள்கையின் தூய வடிவம் இது.

ஆயினும் இம்முறையில் ஓர் ஊனம் உண்டு. சோதனை ஏன் தோற்றதென அது வினவுவதில்லை. நூலகம் இல்லாமையாலும் தோற்கலாம். வேறொரு கொடி பிழையாயிருந்தமையாலும் தோற்கலாம். சோதனை நிரலிலேயே பிழையிருந்தமையாலும் தோற்கலாம். மூன்றுக்கும் ‘இல்லை’ என்பதே விடை. பயனர் எல்டிபிளாக்ஸ் மாறியிற் பிழையான கொடியை இட்டிருப்பின், தொகுப்பியால் இயங்குநிரல் ஆக்கவியலவில்லை என ஆணைக்கோவை முறையிடும். கொடியின் குற்றம் தொகுப்பியின் தலையிலே சுமத்தப்படும். தோல்விக்கும் இன்மைக்கும் வேறுபாடு காணாத இவ்வூனம் பின்னர் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதைக் காண்போம்.

இன்னொன்றும் உண்டு. ஓட்டோகொன்ப் பிறப்பிக்கும் ஆணைக்கோவை பல்லாயிரம் வரிகள் கொண்டது. சொலாரிஸ் போன்ற முறைமைகளில் 2011 வரையும் பழைய போர்ன் ஷெல்லே இயல்பான ஷெல்லாயிருந்தமையால், மிகப் பழைய சொல்வழக்கிலேயே அது எழுதப்பட வேண்டியிருந்தது. அதனை எவரும் படிப்பதில்லை. படிக்க வேண்டுமென எவரும் எதிர்பார்ப்பதுமில்லை. மூலநிரற் களஞ்சியத்தில் அது சேர்க்கப்படாமல், வெளியீட்டுப் பொதியில் மட்டும் இடம்பெறுவதும் வழக்காயிற்று. களஞ்சியத்தில் உள்ளதும் மக்கள் கையிற் சேர்வதும் ஒன்றல்ல என்ற நிலை இவ்வாறு இயல்பாயிற்று.

7. இணைப்பும் உடைமையும்

இணைப்பு தொழினுட்ப வினை மட்டுமன்று. அது உடைமை பற்றிய வினாவுமாகும். றிச்சட் ஸ்டோல்மன் 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்தார். அதன் பொது அனுமதிப்பத்திரம் 1989 இல் வெளியாயிற்று. பொதுவுடைமையான நூலகமொன்றோடு தனியுடைமை நிரலொன்றை இணைத்தால் அம்முழுமை யாருடையது என்னும் வினாவுக்கு விடையாக, 1991 இல் நூலகங்களுக்கெனத் தனி அனுமதிப்பத்திரம் வகுக்கப்பட்டது. அதில் இணைத்தல் என்னும் வினையே சட்ட எல்லைக்கோடாக அமைந்தது. ஆணைவரியிலுள்ள ஒரு ‘-எல்’ கொடி, பொதுச் சொத்துக்கும் தனிச் சொத்துக்கும் இடையிலுள்ள வேலியின் ஒரு கதியாலாயிற்று எனலாம்.

எனினும் பொதுச் சொத்தைப் பேணுவோர் யார் என்னும் வினாவை அனுமதிப்பத்திரம் தீர்க்கவில்லை. ஒரு நூலகத்தை எவரும் எடுத்து இணைக்கலாம்; அதனைப் பராமரிப்பவர்க்கு ஊதியமளிக்கும் கடமை எவருக்கும் இல்லை. பெருநிறுவனங்களின் வருவாய் பெருகப் பெருக, அவற்றின் அடித்தளத்தில் ஒருவர் இருவர் ஓய்வுநேரத்திற் பேணிவந்த நூலகங்கள் பெருகின.

8. 2024 ஆம் ஆண்டு நிகழ்ச்சி

1984 இல் வெளியான தமது டியூரிங் பரிசுப் பேருரையில் கென் தொம்சன் ஒரு கருத்தை நிறுவியிருந்தார். தொகுப்பியே கெடுக்கப்பட்டிருப்பின், மூலநிரலை எத்துணை நுணுக்கமாகப் படிப்பினும் கேட்டைக் காணவியலாது என்பதே அது. நாற்பதாண்டுகளின் பின் அதன் உறவான ஓர் உண்மை வெளிப்பட்டது.

‘எக்ஸ்இசட்’ என்பது தரவுகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள். அதன் நூலகம் லினக்ஸ் முறைமைகளிற் பரந்து இடம்பெற்றுள்ளது. அதனை நெடுங்காலம் ஊதியமின்றிப் பேணியவர் ஒருவரே. 2021 முதல் ‘ஜியா டான்’ என்னும் பெயரில் ஒருவர் உதவி செய்யத் தொடங்கினார். 2022 இல் அறியப்படாத வேறு பெயர்கள் தோன்றி, பராமரிப்பு மெதுவாக நடைபெறுவதாகக் குறைகூறி, பொறுப்பைப் பகிருமாறு நெருக்கின. தாம் செய்வது ஊதியமற்ற பொழுதுபோக்குப் பணி என்பதை அப்பராமரிப்பாளர் நினைவூட்டியும் நெருக்குதல் தணியவில்லை. காலப்போக்கில் வெளியீடுகளைச் செய்யும் பொறுப்பு ‘ஜியா டான்’ கைக்கு மாறிற்று.

2024 இல் வெளிவந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களின் வெளியீட்டுப் பொதியில், களஞ்சியத்தில் இல்லாத சில வரிகள் கன்பிகர் ஆணைக்கோவைக்குள் புகுத்தப்பட்டிருந்தன. அவை, சோதனைக்கென வைக்கப்பட்ட பழுதுற்ற கோவைகள் போலத் தோன்றியவற்றிலிருந்து வேறொரு ஷெல் ஆணைக்கோவையைப் பிரித்தெடுத்தன. அது குனூ தொகுப்பியும் குனூ இணைப்பியும் உள்ளனவா, பொதியாக்கம் டெபியன் அல்லது ஆர்.பி.எம். முறையில் நடைபெறுகின்றதா எனச் சோதித்தது. பின்னர் எல்டிபிளாக்ஸ் மாறியை ஆராய்ந்து, பெயர்கள் யாவும் தொடக்கத்திலேயே தீர்க்கப்பட வேண்டுமென்னும் கொடி அங்கில்லையாயின், நூலகத்துக்குரிய கொடிகளோடு தானே அதனைச் சேர்த்தது. ஈற்றில் ஒளித்து வைக்கப்பட்ட பொருட்கோவையொன்றை நூலகத்தோடு இணைத்தது. அத்தொடக்கநிலைத் தீர்ப்பு நிகழும் கணமே அப்பொருட்கோவைக்கு வேண்டிய வாய்ப்பு. தொலைவிலிருந்து கணனிக்குள் நுழைதற்குரிய ‘எஸ்எஸ்எச்’ சேவை, சில வெளியீடுகளில் மற்றொரு நூலகத்தின் வழியாக இந்நூலகத்தோடும் பிணைக்கப்பட்டிருந்தது. அதனால் அச்சேவையின் வாயில் அந்நியருக்குத் திறக்கத்தக்கதாயிற்று.

பாதுகாப்புக்கென வகுக்கப்பட்ட கொடியொன்றே கேட்டுக்குத் துணையாக்கப்பட்டமை கவனத்துக்குரியது. மனிதர் எழுதிய மூலநிரலைப் படித்தோர் எதனையும் கண்டிரார். கேடு இணைப்பிலே நிகழ்ந்தது. அந்திரேஸ் பிரொயின்ட் என்னும் தரவுத்தள நிரலாளர், உள்நுழைவு ஏறக்குறைய அரைச் செக்கன் தாமதமாவதை ஐயுற்று ஆராய்ந்து, 2024 மார்ச் 29 இல் இதனை வெளிப்படுத்தினார். அப்பொழுது அப்பதிப்புக்கள் பெரும்பாலும் முன்னோட்ட வெளியீடுகளையே சென்றடைந்திருந்தன. ஒருவரின் விழிப்பு பெருங்கேட்டைத் தடுத்தது.

9. முடிவுரை

இந்நிகழ்ச்சியிலிருந்து இரு வேறு முடிவுகள் முன்வைக்கப்பட்டன. பழைய ஷெல் ஆணைக்கோவைகளைக் கைவிட்டுப் புதிய கருவிகளை மேற்கொள்ள வேண்டுமென்பது ஒன்று. இதில் உண்மையுண்டு, எவரும் படிக்காத பல்லாயிரம் வரிகள் ஒளிவதற்கு ஏற்ற காடாகும். ஆயின் இது முழு விடையன்று. அதே எக்ஸ்இசட் மென்பொருளுக்கு சிமேக் என்னும் வேறொரு கருவிக்கான அமைப்பும் இருந்தது. அதிலிருந்த சோதனை நிரலொன்றில் ஒரேயொரு புள்ளி பிழையாக இடப்பட்டிருந்தது. அப்புள்ளியால் சோதனை எக்காலும் தோற்றது. தோற்றமையால், பாதுகாப்பு அரணொன்று அம்முறைமையில் ‘இல்லை’ எனக் கொள்ளப்பட்டு விலக்கப்பட்டது. தோல்வியை இன்மையாகக் கொள்ளும் பழைய ஊனம் புதிய கருவியிலும் தொடர்ந்தது.

களஞ்சியத்திலுள்ள மூலத்திலிருந்தே பொதிகளை ஆக்க வேண்டும், ஒரே மூலம் எங்கும் ஒரே பயனைத் தருவதை உறுதிசெய்ய வேண்டும் என்பது மற்றையது. டெபியன் குழுவினர் 2013 முதல் இவ்விரண்டாவது குறிக்கோளுக்காக உழைத்து வருகின்றனர். ஆனால் கெட்ட பொதியிலிருந்து மீள மீள ஒரே கெட்ட பயன் பிறத்தலும் கூடும். எனவே முதலாவது இன்றி இரண்டாவது நிறைவுறாது.

இவ்விரு முடிவுகளும் தொழினுட்பம் சார்ந்தவை. வரலாற்று நோக்கில் மூன்றாவது ஒன்றையும் கூறுதல் வேண்டும். கேம்பிரிட்ஜில் நாடாவைப் படியெடுத்தவர் எதனை எதனோடு இணைத்தார் என்பதைத் தம் கண்ணாற் கண்டார். ஆணைவரி எழுதியவர் அதனைத் தாமே தட்டச்சிட்டார். கன்பிகர் ஆணைக்கோவையை இயக்குபவரோ திரையில் ஓடும் வரிகளைப் பார்த்திருக்கின்றார். படிதோறும் உழைப்பு குறைந்தது. அறிவு ஆணைக்கோவைக்குட் குடியேறிற்று. மனிதரிடத்து எஞ்சியது நம்பிக்கை மட்டுமே. அந்நம்பிக்கையைத் தாங்கும் மனிதருக்குச் சமுதாயம் ஊதியமோ துணையோ மதிப்போ அளிக்கவில்லை. கேடு நுழைந்த வாயில் ஷெல்லின் மேற்கோட்குறி அன்று. தனித்து விடப்பட்ட ஓர் உழைப்பாளியின் களைப்பே அவ்வாயில்.

இணைப்பு வேலையைத் தாழ்ந்த வேலையெனக் கருதும் மனப்பான்மை ஹொப்பரின் காலந்தொட்டு வருவதை மேலே கண்டோம். அதனை மாற்றுதல் அறத்தின் வேண்டுகோள் மட்டுமன்று, பாதுகாப்பின் தேவையுமாகும். பல்கலைக்கழகங்களிற் கணனி கற்பிப்போர் மொழிகளையும் வழிமுறைகளையும் கற்பிக்கும் அளவுக்கு இணைத்தலையும் பொதியாக்கத்தையும் கற்பித்தல் வேண்டும். கொடிகளின் வரிசையையும் ஆணைக்கோவையின் வரிகளையும் படிக்கத் தெரிந்தோர் பெருகுதல் வேண்டும். பொது நூலகங்களைப் பயன்படுத்தி வருவாய் ஈட்டுவோர் அவற்றைப் பேணுவோரின் சுமையைப் பகிர்தல் வேண்டும். பகுதிகளை ஆக்கியோரின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. அப்பகுதிகளை இணைத்து நிறுத்தியோரின் வரலாறு இனியே எழுதப்பட வேண்டியுள்ளது.